அருங்காட்சியகத்தில் காட்சி அமைக்கும் வேலை: தூக்குவதும் ஆணி அடிப்பதும் மட்டும்தானா?

மரவேலைக்காரன்:
வணக்கம். பல வருடங்களாக மேசை, அலமாரி செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறேன். ஓர் அருங்காட்சியகத்தில் காட்சி அமைக்கும் குழுவுக்கு ஆள் எடுப்பதாகத் தெரிந்து விண்ணப்பித்தேன். நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேலையின் பெயர் பிரிபரேட்டர். ஓவியம் மாட்டுவது, சிற்பத்தை இடம் மாற்றுவது, பீடம் செய்வது, பெட்டி கட்டுவது, வெளிச்சம் அமைப்பது என்று நீளமாக ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். கலை வரலாறு எனக்குத் தெரியாது. மரமும் அளவும் தெரியும். சுற்றி இருப்பவர்கள் "சாமான் தூக்குகிற வேலைதானே, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை" என்கிறார்கள். நாள் எப்படிப் போகும், எதில் கவனமாக இருக்க வேண்டும், நேர்காணலில் நான் என்ன கேட்க வேண்டும் என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ரசமட்டம்:
வாழ்த்துகள் தம்பி. மரமும் அளவும் தெரியும் என்றால் நல்ல அடித்தளத்தோடுதான் வருகிறீர்கள். கலை வரலாறு வேலையோடு வேலையாக வந்து சேரும்.

தூக்குகிற வேலை என்று சொல்பவர்களுக்குத் தெரியாதது, நாளில் பெரும்பகுதி எதையும் தூக்காமலே போகும் என்பது. ஓர் ஓவியத்தை ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வையுங்கள். முதலில் வெறுங்கையோடு அந்த வழியை நடந்து பார்ப்போம். கதவின் அகலம், உயரம், வாசற்படி, லிஃப்டின் உள்ளளவு, திரும்புகிற மூலை, தலைக்கு மேலே தொங்குகிற விளக்கு எல்லாவற்றையும் பார்ப்போம். போய்ச் சேரும் இடத்தில் சுவரோரம் ஃபோம் கட்டை போட்டாயிற்றா, கதவை யார் பிடிப்பது, யார் குரல் கொடுப்பது என்பதெல்லாம் முடிவான பிறகுதான் கை வைப்போம். தூக்கும்போது ஒருவர் மட்டுமே பேச வேண்டும். அவர் சொன்னால் தூக்கு, அவர் சொன்னால் நில். இருவரும் கட்டளையிட்டால் ஓவியத்தின் ஒரு முனை முன்னால் போகும், இன்னொரு முனை நின்றுவிடும்.

பிடிக்கும் விதத்துக்கும் காரணம் உண்டு. ஃப்ரேமின் மேல்கட்டையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. பழைய ஃப்ரேமில் மூலை இணைப்பு தளர்ந்திருக்கும், கட்டை மட்டும் கையோடு வந்துவிடும். ஒரு கை அடியில், ஒரு கை பக்கத்தில். ஜாடியை அதன் காதைப் பிடித்தோ விளிம்பைப் பிடித்தோ தூக்கக் கூடாது. எப்போதோ உடைந்து ஒட்டியது அந்தக் காதாகத்தான் இருக்கும். மோதிரம், கைக்கடிகாரம், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, பெல்ட் பக்கிள் எல்லாம் கழற்றிவிட வேண்டும். காட்சிக்கூடத்தில் பென்சில் மட்டும்தான், பேனா கூடாது.

மாட்டுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பல இடங்களில் ஓவியத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து சுமார் 150 செ.மீ. உயரத்தில் வரும்படி வைப்பார்கள். ஓவியம் 90 செ.மீ. உயரம், பின்னால் உள்ள கம்பியை இழுத்துப் பிடித்தால் ஃப்ரேமின் மேல் விளிம்பிலிருந்து 12 செ.மீ. கீழே நிற்கிறது என்றால், கொக்கி வர வேண்டிய உயரம் 150 கூட்டல் 45 கழித்தல் 12, அதாவது 183 செ.மீ. சின்னக் கணக்குதான். ஆனால் கம்பியை இழுக்காமல் அளந்தால் ஒரு சுவர் முழுக்க ஓவியங்கள் ஒரு விரல் தாழ்ந்து நிற்கும். தரை மட்டமாக இருக்கும் என்று நம்பவே நம்பாதீர்கள். லேசர் கோடு போட்டு அதிலிருந்து அளங்கள்.

கிடங்குச்சாவி:
ரசமட்டம் அண்ணன் சொன்னதற்கு முந்தைய கட்டத்திலிருந்து நான் சொல்கிறேன். நான் ரெஜிஸ்ட்ரார் பக்கம் இருப்பவள். பொருள் உள்ளே வருவது, வெளியே போவது, எங்கே இருக்கிறது என்ற கணக்கு எங்களுடையது.

வேறோர் அருங்காட்சியகத்திலிருந்து பெட்டி வந்து இறங்கினால் உடனே திறக்க மாட்டோம். குறைந்தது 24 மணி நேரம் மூடியபடியே அறையில் கிடக்கும். வண்டியில் இருந்த வெப்பமும் ஈரப்பதமும் வேறு, இங்கே வேறு. மரப்பலகையில் வரைந்த ஓவியம் ஈரப்பதம் சட்டென்று மாறினால் வளையும், வண்ணம் தூக்கிக்கொள்ளும். திறக்கும்போது ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுப்போம். எந்த ஃபோம் எந்தப் பக்கம் இருந்தது, எந்த டிஷ்யூ எதன் மேல் இருந்தது என்பதெல்லாம் பதிவாக வேண்டும். மூன்று மாதம் கழித்து அதே பொருளை அதே பெட்டியில் வேறு யாரோ கட்டப் போகிறார்கள், அவர்களுக்கு அந்தப் படங்கள்தான் வழிகாட்டி. மூடியைக் கழற்றிய ஸ்க்ரூக்களைப் பையில் போட்டு அந்தப் பெட்டியின் எண்ணை எழுதி அதன் உள்ளேயே ஒட்டிவிடுங்கள்.

அப்புறம் கண்டிஷன் ரிப்போர்ட், அதாவது பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிவைக்கும் அறிக்கை. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடு பள்ளம் எல்லாம் எழுந்து நிற்கும். மேல் வலது மூலையில் இரண்டு செ.மீ. வெடிப்பு, ஃப்ரேமின் கீழே தங்கரேக்கு உதிர்ந்திருக்கிறது, இப்படி ஒவ்வொன்றையும் படத்தில் குறிப்போம். இதை ரெஜிஸ்ட்ராரோ, பொருட்களைச் சீர்செய்து பாதுகாக்கும் கன்சர்வேட்டரோ எழுதுவார். ஆனால் பொருளைத் திருப்பிக் காட்டுவது உங்கள் கைதான். உங்கள் கண்ணுக்குப் பட்டதைச் சொல்லிவிட வேண்டும். "ஏற்கெனவே இருந்திருக்கும்" என்று நினைத்து விட்டுவிடக் கூடாது.

இன்னொன்று, இதைப் பற்றி யாரும் அதிகம் பேச மாட்டார்கள். கனடாவின் அரும்பொருள் பாதுகாப்பு நிறுவனம் பொருட்களைச் சிதைக்கும் பத்துக் காரணிகளைத் தொகுத்திருக்கிறது. தீ, தண்ணீர், திருட்டு, பூச்சி, வெளிச்சம், மோதல் எல்லாம் அதில் உண்டு. அவற்றோடு, பொருளையும் அதன் தகவலையும் இணைக்கும் தொடர்பு அறுந்துபோவதும் ஒரு காரணி. எண் எழுதிய சீட்டு கழன்று விழுந்தால் பொருளுக்கு ஒரு கீறலும் இருக்காது. ஆனால் அது யாருடையது, எங்கே கிடைத்தது, எந்தக் காலம் என்பதெல்லாம் போய்விடும். தரையில் ஒரு சீட்டுக் கிடந்தால் குப்பையில் போடாதீர்கள். எடுத்து வந்து கொடுங்கள்.

இரவுப்பணி:
கையுறை பற்றி ஒரு கேள்வி. நான் ஒப்பந்தத்தில் பல இடங்களில் வேலை செய்கிறேன். சில இடங்களில் எல்லாவற்றுக்கும் வெள்ளைப் பருத்திக் கையுறை போடச் சொல்கிறார்கள். படத்துக்கு அழகாக இருக்கிறது. ஆனால் மெருகிட்ட பீங்கானைப் பருத்திக் கையுறையோடு பிடித்தால் வழுக்குகிறது. இதை யாராவது தீர்த்துவைக்க முடியுமா?

கிடங்குச்சாவி:
உங்கள் கை சொல்வதுதான் சரி. பருத்தி வழுக்கும், செதில் எழுந்த மரத்திலும் தங்கரேக்கிலும் நூல் மாட்டும், வியர்வை ஊறி மறுபக்கம் வரும். இப்போது பெரும்பாலும் மாவு போடாத நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறைதான். உலோகத்துக்கு அது கட்டாயம். வெறும் விரலால் தொட்ட பித்தளையிலும் வெள்ளியிலும் சில மாதம் கழித்து ரேகை அப்படியே அரித்து நிற்கும். லேடெக்ஸ் வேண்டாம், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். பழைய நூல், காகிதச் சுவடிகளுக்குப் பல நூலகங்கள் சுத்தமாகக் கழுவி உலர்த்திய வெறுங்கையைத்தான் பரிந்துரைக்கின்றன. கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு குறைந்து தாள் கிழியும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கையுறை சில நேரம் பொருளுக்காக இல்லை, நமக்காக. பதப்படுத்திய பழைய விலங்கு, பறவை உடல்களில் ஆர்சனிக் பூசியிருப்பார்கள், பழைய தாவரத் தொகுப்புகளில் பாதரசச் சேர்மம் இருக்கும். அவற்றைத் தொட்ட கையுறையோடு வேறெதையும் தொடக் கூடாது.

பித்தளைக்கம்பி:
மரவேலைக்காரர் என்பதால் இதை முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். நான் பொருட்களைத் தாங்கும் மவுண்ட் செய்பவன். பட்டறையிலிருந்து வருபவர்களுக்கு முதல் அதிர்ச்சி, அவர்களுக்குப் பிடித்த மரங்களைக் கண்ணாடிப் பேழைக்குள் விடமாட்டார்கள் என்பதுதான். ஓக் மரம் அசிட்டிக் அமில ஆவி விடும். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வரும். திறந்த அறையில் அது கரைந்துபோகும். மூடிய பேழைக்குள் சேர்ந்துகொண்டே இருக்கும். ஈயத்தில் செய்த பொருள் ஒன்று உள்ளே இருந்தால் மேலே வெள்ளையாகப் பொடி பூத்துவிடும். கம்பளித் துணியை அடியில் விரித்தால் கந்தகம் வந்து வெள்ளியைக் கறுக்கும். பெயின்ட் அடித்த அன்றே பேழையை மூடுவதும் தப்பு. வாடை முழுக்கப் போகிற வரைக்கும், சில நேரம் வாரக்கணக்கில்கூட, திறந்து வைக்க வேண்டும்.

எதை உள்ளே விடலாம் என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973-இல் வெளியிட்டது, அவர் பெயரிலேயே ஆடி சோதனை என்கிறார்கள். பயன்படுத்தப் போகும் பலகையிலோ துணியிலோ சிறு துண்டை வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளோடு ஒரு குப்பியில் கொஞ்சம் ஈரப்பதத்தோடு அடைத்து, 60 டிகிரியில் 28 நாள் வைப்பார்கள். தகடு மாறாமல் இருந்தால் அந்தப் பொருள் தேறியது. கடையில் ஒரே பெயரில் விற்கும் பலகை அடுத்த வருடம் வேறு பசையில் வரலாம். அதனால் "போன தடவை இதையே போட்டோம்" என்று சொன்னால் கன்சர்வேட்டர் ஒப்புக்கொள்ள மாட்டார். அதைத் தொந்தரவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மவுண்ட் வேலை பற்றிச் சொன்னால் நிறுத்த மாட்டேன். ஓர் உடைந்த சுடுமண் தலை. கழுத்துப் பக்கம் நேராக வெட்டுப்படவில்லை, சாய்ந்து உடைந்திருக்கிறது. அதை நிமிர்த்தி நிறுத்த வேண்டும், ஒட்டக் கூடாது, துளை போடக் கூடாது, அழுத்தவும் கூடாது. பித்தளைக் கம்பியைச் சூடேற்றி ஆறவைத்தால் இளகும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, உடைப்பின் வளைவோடு சேர்கிறதா என்று பார்த்து, எடுத்து, மறுபடி வளைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் தலையைப் பிடித்திருப்பவர் வேறு ஒருவர். அவர் கை நடுங்கினால் நிறுத்திவிடுவோம். பொருளைத் தொடும் இடங்களில் மெல்லிய ஃபோமோ துணியோ ஒட்டுவோம், கம்பியின் வெளிப்பக்கத்துக்குச் சுடுமண்ணின் நிறத்தைப் பூசுவோம். பார்வையாளருக்குத் தலை தானாக நிற்பது மாதிரி இருக்கும். எடையெல்லாம் மூன்று புள்ளியில் இறங்குகிறது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

மெழுகு பற்றியும் ஒரு சொல். பீங்கான், கண்ணாடிப் பொருட்கள் அதிர்வில் நகராமல் இருக்க அடியில் மைக்ரோகிறிஸ்டலைன் மெழுகைச் சிறு உருண்டையாக வைப்போம். மெருகிடாத மண்பாண்டத்துக்கு வைக்காதீர்கள். எண்ணெய்க் கறை உள்ளே இறங்கிவிடும்.

மரவேலைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. பீடம் செய்வது எனக்கு வரும் என்று நம்பிக்கையாக இருக்கிறேன். ப்ளைவுட் பெட்டி, மேலே பெயின்ட், அவ்வளவுதானே? அதில் தவறு வர என்ன இருக்கிறது?

ரசமட்டம்:
தம்பி, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், இதைப் படித்துவிட்டுத்தான் நேர்காணலுக்குப் போக வேண்டும்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் துல்லியோ லொம்பார்டோ செதுக்கிய ஆதாம் சிலை இருக்கிறது. ஆளுயரத்துக்கும் மேலான பளிங்கு, மறுமலர்ச்சிக் காலத்தின் முக்கியமான நிர்வாணச் சிலைகளில் ஒன்று. 2002 அக்டோபர் 6-ஆம் தேதி இரவு, பார்வையாளர் யாரும் இல்லாத நேரத்தில், அது கீழே விழுந்து நொறுங்கியது. யாரும் தள்ளவில்லை. அடியில் இருந்த ப்ளைவுட் பீடம் தாங்காமல் மடங்கிவிட்டது. அடையாளம் தெரிகிற துண்டுகள் 28, அதற்கு மேல் நூற்றுக்கணக்கான சில்லுகள். ஒட்டிச் சேர்த்து மறுபடி காட்சிக்கு வைக்க 12 வருடம் ஆனது. 2014-இல்தான் திரும்ப நின்றது.

பளிங்கு ஒரு கன மீட்டர் சுமார் 2.7 டன். 60 செ.மீ. சதுரத்தில் ஒன்றரை மீட்டர் உயரக் கல்லே கிட்டத்தட்ட 1.46 டன் வந்துவிடும். வெண்கலம் உள்ளே கூடாக இருக்கும் என்று நினைத்துத் தூக்கப் போவோம், சில நேரம் உள்ளே வார்ப்பு மண் அப்படியே இருக்கும். பொருளின் எடை என்ன, எப்படித் தெரியும், எடை எந்தப் புள்ளியில் இறங்குகிறது, பீடம் எத்தனை வருடம் நிற்க வேண்டும், அடியில் தரை தாங்குமா? இதற்கெல்லாம் பதில் வந்த பிறகுதான் ப்ளைவுட்டா, உள்ளே எஃகுச் சட்டமா என்ற பேச்சு.

போவது பொருள் மட்டும் என்றும் நினைக்காதீர்கள். 1971-இல் மினியாபோலிஸின் வாக்கர் கலை மையத்தில் ரிச்சர்ட் செராவின் எஃகுச் சிற்பத்தை நிறுவும்போது தகடு சரிந்து ஒரு தொழிலாளி இறந்தார். நான் குழுவில் புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்கிறேன். தொங்கும் எடைக்குக் கீழே நிற்கக் கூடாது, சரியும் பொருளைப் பிடிக்கக் கை நீட்டக் கூடாது. கல் விழுந்தால் விழட்டும்.

அதனால் எனக்கு இந்த வேலையில் ஒன்றுதான் முக்கியம். குழுவில் யார் வேண்டுமானாலும், நேற்று சேர்ந்தவர்கூட, "நிறுத்து" என்றால் எல்லோரும் நிற்க வேண்டும். காரணத்தை அப்புறம் பேசலாம். பொருளைக் கடைசியாகத் தொடுபவர் நாம்தான். திட்டம் போட்டவர், பொருளைக் கடனாகக் கொடுத்தவர், காப்பீடு எழுதியவர் எல்லோரும் அந்த நேரத்தில் வேறு இடத்தில் இருப்பார்கள். கனமானதைத் தூக்கும் செயின் பிளாக்கின் சங்கிலி நம் கையில் இருக்கும். அந்த உரிமை இல்லாத இடத்தில் வேலை செய்யாதீர்கள்.

சுவர்வெளி:
நான் க்யூரேட்டர், கண்காட்சியைத் திட்டமிடுபவள். இந்த இழையை மதிப்போடுதான் படிக்கிறேன், ஆனால் கடைசிப் பத்தியில் எனக்கு உடன்பாடு முழுக்க இல்லை.

திறப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது வேலை நின்றால் என்ன ஆகும் என்பதை நான்தான் பார்க்கிறேன். பொருளைக் கடனாகக் கொடுத்தவரின் கூரியர், அதாவது பொருளோடு கூட வந்த பிரதிநிதி, அன்று மாலை விமானம் ஏற வேண்டும், அவர் கண் முன்னால்தான் பொருள் பேழைக்குள் போக வேண்டும் என்று ஒப்பந்தம். வெளிச்சம் அமைப்பவர்கள் ஏணியோடு காத்திருக்கிறார்கள். சுவர் எழுத்து இன்னும் ஒட்டவில்லை. இதற்கு நடுவில் ஒருவர் "எனக்குச் சரியாகப் படவில்லை" என்று மட்டும் சொல்லி நின்றுவிட்டால் நான் என்ன செய்வது? நான் பார்த்த நிறுத்தங்களில் பல, காலையிலேயே ஒரு கேள்வி கேட்டிருந்தால் வந்திருக்காது. உரிமை வேண்டும் என்றால் முன்கூட்டியே யோசிக்கும் கடமையும் சேர்ந்து வர வேண்டும். வரைபடம் ஒரு மாதம் முன்பே கையில் இருக்கிறது, அதை எத்தனை பேர் விரித்துப் பார்க்கிறார்கள்?

ரசமட்டம்:
நியாயமான கேள்வி. பதிலுக்கு ஒன்று கேட்கிறேன். அந்த வரைபடம் ஒரு மாதம் முன்பு வரும்போது அதில் எடை எழுதியிருக்கிறதா? நான் பார்த்தவற்றில் உயரம், அகலம், ஆழம் இருக்கும். எடைப் பத்தி காலியாக இருக்கும், அல்லது பெட்டியோடு சேர்த்த எடை இருக்கும். ஓவியத்தின் அளவு என்று கொடுப்பார்கள், ஃப்ரேமோடு சேர்த்த அளவு இருக்காது. லிஃப்டுக்குள் போகப்போவது ஃப்ரேமும்தானே.

முன்கூட்டி யோசிக்க வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் ஒரே கருத்துதான். யோசிக்க வேண்டியவர்களை அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டும். திட்டக் கூட்டம் நடக்கும், எங்களில் ஒருவரும் இருக்க மாட்டோம், முடிவு மட்டும் வந்து சேரும். நான் சொல்லும் நிறுத்தம் அடம் பிடிப்பது இல்லை. ஓர் எண் தெரியவில்லை, அது தெரிகிற வரைக்கும் கை வைக்க மாட்டேன் என்பதுதான்.

கிடங்குச்சாவி:
அளவு என்றதும் இரண்டாம் உலகப் போர்க்காலக் கதைகள் இரண்டு ஞாபகம் வருகின்றன. இரண்டுமே முன்கூட்டி அளப்பது பற்றியவை.

லண்டன் நேஷனல் கேலரி தன் ஓவியங்களை 1941-இல் வேல்ஸில் மானோட் என்ற மலைச் சுரங்கத்துக்கு மாற்றியது. வான் டைக் வரைந்த, குதிரை மேல் அமர்ந்த முதலாம் சார்லஸ் மன்னரின் ஓவியம் 3.6 மீட்டருக்கும் அதிக உயரம். பெட்டியோடு லாரியில் ஏற்றினால் வழியில் இருந்த ரயில் பாலத்துக்கு அடியில் நுழையாது. ஓவியத்தைச் சாய்த்து வைக்கிற மாதிரி பெட்டி செய்தார்கள், அதற்கு யானைப் பெட்டி என்றே பெயர். அப்படியும் இடம் போதாமல் பாலத்துக்கு அடியில் சாலையைத் தோண்டித் தாழ்த்தினார்கள். சுரங்க வாயிலை வெடி வைத்து அகலப்படுத்தினார்கள். ஓவியம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

1939-இல் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்திலிருந்து ஓவியர் ஜெரிக்கோவின் 'மெதூசாவின் தெப்பம்' ஓவியத்தை வெளியேற்றினார்கள். சுமார் 4.9 மீட்டருக்கு 7.2 மீட்டர். அதன் வண்ணத்தில் தார் கலந்திருந்ததால் மற்றப் பெரிய துணி ஓவியங்களைப் போலச் சுருட்ட முடியவில்லை. நாடக அரங்கின் திரைச்சீலைகள் ஏற்றும் வண்டியில் விரித்தபடியே நிறுத்திக் கொண்டுபோனார்கள். வெர்சாய் நகரில் தலைக்கு மேலே சென்ற மின்கம்பிகளில் சிக்கியது. அதன் பிறகு கம்பிகளைத் தூக்கிவிட ஆட்களும் உடன் போனார்கள். போர்க்கால அவசரத்தில் வழியை நடந்து பார்க்க நேரம் கிடைத்திருக்காது. நமக்குக் கிடைக்கிறது.

சுவர்வெளி அக்கா, எடை இல்லாமல் வரும் வரைபடத்தை எங்கள் பக்கமே திருப்பி அனுப்பிவிடலாம். அது ரெஜிஸ்ட்ரார் வேலைதான். நான் இனி அந்தப் பத்தி நிரம்பாமல் நிறுவும் பட்டியலை வெளியிட மாட்டேன்.

சுவர்வெளி:
அது நல்ல முடிவு. கூட்டத்துக்குக் கூப்பிடுவது என் கையில் இருக்கிறது, அடுத்த கண்காட்சியிலிருந்து செய்கிறேன். பார்வையாளர் நடக்கிற பாதை பற்றியும் உங்களிடமிருந்து கேட்க விரும்புகிறேன். 2006-இல் கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் ஒருவர் படிக்கட்டில் தடுக்கி விழுந்து, ஜன்னல் மாடத்தில் இருந்த, சீனாவின் சிங் வம்சக் காலத்து மூன்று ஜாடிகளை உடைத்துவிட்டார். அவை நெடுங்காலமாக அங்கேதான் இருந்தன. இடம் சரியா என்பதை வரைபடத்தில் பார்ப்பதைவிட அந்தப் படியில் தினமும் ஏறி இறங்குபவர் நன்றாகச் சொல்வார்.

இரவுப்பணி:
நிறுத்தும் உரிமை பற்றி ஒப்பந்தத் தொழிலாளியாக நான் சொல்ல வேண்டும். நிரந்தர வேலையில் இருப்பவர் "நிறுத்து" என்று சொல்லலாம். மூன்று வாரத்துக்கு மட்டும் கூப்பிடப்பட்டவர் சொன்னால் அடுத்த தடவை தொலைபேசி வராது. நான் வேலை செய்த ஓர் இடத்தில் ஏணியைப் பிடிக்க ஆள் கேட்டதற்கே முகம் சுளித்தார்கள். பெயர் வேண்டாம். பல இடங்களில் பெரிய கண்காட்சிக்கு மட்டும் ஆள் எடுத்து, முடிந்ததும் அனுப்பிவிடுகிறார்கள். இடுப்பும் முட்டியும் தோளும் போவது நமக்கு. மருத்துவச் செலவும் நமக்கு.

இந்தத் தொழிலில் நிறையப் பேர் ஓவியர்கள், சிற்பிகள். பகலில் மற்றவர்களின் படைப்பை மாட்டிவிட்டு இரவில் தங்கள் வேலையைச் செய்பவர்கள். வேலை மேல் உள்ள பிரியத்தால் குறைந்த கூலிக்கும் வருவார்கள், அதைத் தெரிந்துகொண்டு பேரம் பேசுபவர்களும் உண்டு. 2011-இல் நியூயார்க்கில் சோத்பீஸ் ஏல நிறுவனம் சங்கத்தில் இருந்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஆர்ட் ஹேண்ட்லர்களை, அதாவது கலைப்பொருட்களைக் கையாளும் தொழிலாளர்களை, ஒப்பந்தப் பேச்சுவார்த்தையின்போது வேலைக்கு விடாமல் வெளியே நிறுத்தியது. அந்தக் கதவடைப்பு 2012 வரை நீடித்தது. இந்த வேலையில் கைத்திறன் இருக்கிறது, யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டு நிரப்ப முடியாது என்று பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

தம்பி, சம்பளத்தோடு காப்பீட்டையும் கேளுங்கள். வேலைக்கு நடுவில் அடிபட்டால் யார் பார்ப்பார்கள் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

பித்தளைக்கம்பி:
இரவுப்பணி சொன்னதை வழிமொழிகிறேன். சுவரில் க்யூரேட்டர் பெயர், நன்கொடையாளர் பெயர் எல்லாம் இருக்கும். சில அருங்காட்சியகங்கள் இப்போது நிறுவியவர்களின் பெயரையும் போடுகின்றன. ஒரு வரிதான். ஆனால் என் பெயரை என் பிள்ளைகள் அங்கே வாசித்தபோது எனக்கு எவ்வளவோ சந்தோஷம்.

மரவேலைக்காரன்:
நிறையத் தெரிந்துகொண்டேன். பட்டறையில் எடை பற்றி இவ்வளவு யோசித்ததில்லை. வெளிச்சம் அமைப்பது பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை. அது மின்சார வேலை தெரிந்தவர்கள் செய்வதா? அப்புறம், நேர்காணலில் எதைக் கேட்டால் அந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரியும்?

ரசமட்டம்:
கம்பி இணைப்பதை எலக்ட்ரீஷியன் செய்வார். விளக்கைத் திருப்புவது, மங்கவைப்பது, பொருளின் மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் காட்டும் லக்ஸ் மீட்டரை வைத்து அளப்பது நம் வேலை. காகித ஓவியம், நீர்வண்ணம், துணிக்கு வழக்கமாக 50 லக்ஸ். எண்ணெய் வண்ணத்துக்கு 200 வரை. வெளிச்சத்தால் வரும் மங்கல் சேர்ந்துகொண்டே போகும், திரும்ப வராது. 50 லக்ஸில் தினம் 8 மணி நேரம், 90 நாள் என்றால் 36,000 லக்ஸ் மணி. விளக்கை 100-க்கு ஏற்றினால் அதே அளவு 45 நாளில் தீர்ந்துவிடும். இருட்டாக இருக்கிறது என்று பார்வையாளர் சொல்வார்கள். அதற்கு விளக்கை ஏற்ற வேண்டாம். முந்தைய அறையின் வெளிச்சத்தைக் குறைத்தால் கண் பழகிக்கொண்டு வரும். இதை ஏணியில் நின்று செய்து பார்க்கும்போதுதான் பிடிபடும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த நாட்கள் அவைதான்.

நேர்காணலில் கிடங்கைக் காட்டச் சொல்லுங்கள். நடைபாதையில் பெட்டிகள் அடைத்துக் கிடக்கின்றனவா, ஓவியங்கள் தரையில் நேராக நிற்கின்றனவா, அடியில் கட்டை கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கனமான பொருளை நகர்த்த என்னென்ன கருவி இருக்கிறது, தூக்குவார்களான ஸ்லிங்கையும் செயின் பிளாக்கையும் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்று கேளுங்கள். புதிதாகச் சேர்பவர் யாரோடு சேர்ந்து வேலை செய்வார், எவ்வளவு காலத்துக்குப் பிறகு தனியாகப் பொருளைத் தொடலாம் என்று கேளுங்கள். முதல் வாரமே தொடலாம் என்று சொன்னால் எனக்குச் சந்தேகம் வரும். ஒரு நிறுவல் பாதியில் நிறுத்தப்பட்டது எப்போது, யார் நிறுத்தினார், அப்புறம் என்ன நடந்தது என்றும் கேளுங்கள். அதற்கு அவர்கள் தயங்காமல் பதில் சொன்னால் சேருங்கள்.

நீங்கள் செய்த இணைப்புகளின் படங்களை எடுத்துக்கொண்டு போங்கள். வெளிப்பக்க மெருகைவிட உள்ளே எப்படிப் பூட்டியிருக்கிறீர்கள் என்று தெரிகிற படங்களாக இருக்கட்டும்.

மரவேலைக்காரன்:
சரி அண்ணா. வியாழக்கிழமை நேர்காணல். கிடங்கைப் பார்த்துவிட்டு வந்து இங்கேயே எழுதுகிறேன்.

கிடங்குச்சாவி:
போகும்போது பூட்ஸ் போட்டுக்கொண்டு போங்கள் தம்பி, பல இடங்களில் செருப்போடு கிடங்குக்குள் விடமாட்டார்கள்.